தெரிவுக் குழுக்களின் உறுப்பினர்களுக்கு: கட்டுரைகளைப் படியுங்கள்

பேராசிரியர் பதவி உயர்வு விண்ணப்பங்களை மதிப்பிடும் தெரிவுக் குழுக்களின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

கொழும்பில் மருத்துவ நூலகங்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. ஆனால் என் கைவேலை உங்கள் மேசைகளுக்கு வந்திருக்கிறது. சிரேஷ்ட விரிவுரையாளர் ஒருவர் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கும்போது, அவருடைய வெளியீட்டுப் பட்டியலுக்குப் பின்னால் ஒரு தாள் இணைக்கப்படும். கட்டுரைகள் எத்தனை, அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்கள் (பிற கட்டுரைகள் அவற்றைச் சுட்டிய தடவைகள்) எத்தனை, எச்-சுட்டெண் எவ்வளவு, ஆய்விதழ்களின் தாக்கக் காரணி எவ்வளவு என்ற விபரங்கள் அதில் இருக்கும். அந்தத் தாளைத் தயாரித்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். விண்ணப்பக் கட்டு திரும்பி வரும்போது அந்த ஒரு தாள்தான் கைபட்டுக் கசங்கியிருக்கும். கட்டுரைப் பிரதிகள் போனபடியே வரும்.

இந்த மடலை எழுதத் தூண்டியது ஒரு நரம்பியல் விஞ்ஞானியின் விண்ணப்பம். எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆண்டு என்பதை விட்டுவிடுவோம். அவர் இன்னும் பணியில் இருக்கிறார், அவரைச் சங்கடப்படுத்த நான் விரும்பவில்லை. அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேற்கோள் பதிவு போதாது என்பதுதான் அவருக்குச் சொல்லப்பட்ட காரணம். அந்தப் பதிவை வரிவரியாகப் பார்த்தவன் என்ற முறையில், அதில் என்ன இருந்தது, என்ன இல்லை, இல்லாதது ஏன் இல்லை என்பதை உங்களுக்குச் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

முதலில் இந்தக் கருவி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். மேற்கோள் சுட்டி எங்கள் தொழிலில் பிறந்தது. யூஜின் கார்ஃபீல்ட் நூலகவியல் படித்தவர். 1955இல் சயன்ஸ் ஆய்விதழில் அவர் ஒரு யோசனையை முன்வைத்தார். ஒரு கட்டுரையை நம்பி அடுத்த ஆராய்ச்சியைத் தொடங்குபவர், அந்தக் கட்டுரையைப் பற்றிப் பின்னால் வந்தவர்கள் என்ன சொன்னார்கள், யார் மறுத்தார்கள், யார் திருத்தினார்கள் என்று தேடிப் பார்க்க ஒரு வழி வேண்டும் என்பதே அது. அமெரிக்கச் சட்டத்தரணிகளிடம் 1873 முதல் அப்படியொரு சுட்டி இருந்தது. பழைய தீர்ப்பொன்றை நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டுவதற்கு முன்னர், பிந்திய தீர்ப்பு எதுவும் அதைத் தள்ளிவிட்டதா என்று அவர்கள் அதில் பார்ப்பார்கள். கொழும்பின் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் தொழில் செய்யும் எந்தச் சட்டத்தரணிக்கும் இந்தத் தேவை விளங்கும். கார்ஃபீல்ட் அதே முறையை விஞ்ஞானத்துக்குக் கொண்டுவந்தார். 1964இல் விஞ்ஞான மேற்கோள் சுட்டி வணிக வெளியீடாக வந்தது. பிழையான தரவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு மேற்கோள் காட்டுவதைத் தடுப்பது அவருடைய நோக்கங்களில் ஒன்று. தேடுவதற்கும் சரிபார்ப்பதற்கும் செய்யப்பட்ட அந்தக் கருவியை ஆட்களை நிறுக்கும் தராசாக்கியது பின்னால் வந்தவர்களின் வேலை.

எச்-சுட்டெண் அதைவிடப் புதியது. 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர் முன்மொழிந்தார். ஒருவருடைய கட்டுரைகளில் பத்துக் கட்டுரைகளாவது தலா பத்து மேற்கோள்கள் பெற்றிருந்து, பதினொரு கட்டுரைகள் தலா பதினொரு மேற்கோள்கள் பெறாவிட்டால், அவருடைய சுட்டெண் 10. அவர் எடுத்த உதாரணங்கள் பௌதிகவியலாளர்கள்; முழுப் பேராசிரியர் நிலைக்கு ஏறத்தாழ 18 என்று அவர் சொன்னது அமெரிக்காவின் பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களின் பௌதிகத் துறைகளை மனத்தில் வைத்து. அதைத் தூக்கிக் கொண்டுவந்து கொழும்பில் நரம்புக் கடத்துகையை அளக்கும் ஒருவர் மீது போடுவதை ஹிர்ஷே ஆதரிப்பாரா என்பது சந்தேகம். தன் சுட்டெண் எதிர்பாராத கேடுகளைச் செய்யக்கூடியது என்று 2020இல் அவரே எழுதிவிட்டார்.

தாக்கக் காரணி இன்னும் மோசம். அது ஆய்விதழின் சராசரி. கட்டுரைக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. முந்திய இரண்டு ஆண்டுகளில் ஓர் இதழ் வெளியிட்டவற்றுக்கு இந்த ஆண்டில் கிடைத்த மேற்கோள்களை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்து வரும் எண் அது. ஒரு சில கட்டுரைகள் கூட்டத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும். மீதி அந்த நிழலில் நிற்கும். இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குப் பொறுமை இல்லை.

இனி அந்த விஞ்ஞானியின் பதிவுக்கு வருகிறேன். அங்கே எனக்கு முதலில் தட்டுப்பட்டது பெயர்ச் சிக்கல்.

எங்கள் ஆட்களில் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனாரின் பெயரின் முதலெழுத்து முன்னால், சொந்தப் பெயர் பின்னால். ஆய்விதழின் படிவமோ குடும்பப் பெயரைக் கேட்கும். இவர் முதல் கட்டுரையில் தன் பெயரையே அந்த இடத்தில் போட்டார். வெளிநாட்டில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்தபோது கடவுச்சீட்டில் இருந்தபடி தகப்பனார் பெயர் அங்கே போனது. திருமணத்துக்குப் பிறகு சில கட்டுரைகளில் கணவரின் பெயர். ஆக, கட்டுரைகளையும் மேற்கோள்களையும் பட்டியலிடும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் அவர் மூன்று ஆட்கள். நடுவில் உள்ளவருடைய மேற்கோள்கள் எல்லாம் தகப்பனாரின் பெயரில் ஏறிக்கொண்டிருந்தன. தகப்பனார் புகையிரத நிலைய அதிபராக இருந்தவர். மூளையைப் பற்றி அவர் எதுவும் வெளியிட்டதில்லை. போதாக்குறைக்கு, தகப்பனாரின் பெயரும் முதலெழுத்தும் ஒத்துப்போனதால், தமிழ்நாட்டில் கொங்கிரீட்டின் உறுதி பற்றி ஆராயும் ஒரு பொறியியலாளரின் கட்டுரைகள் சில அதே கணக்கில் கலந்திருந்தன. அவற்றை நீக்கும்படி தரவுத்தளத்துக்கு எழுதப் போனபோது, எண்ணிக்கை குறைந்துவிடுமே என்று நிர்வாகத்தில் ஒருவர் உண்மையாகவே கவலைப்பட்டார்.

எச்-சுட்டெண் மூன்று ஆட்களுக்குத் தனித்தனியாகக் கணக்கிடப்பட்டால் என்ன ஆகும் என்பதை உங்களில் கணிதம் அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மூன்று சிறிய எண்கள் வரும். அவற்றைக் கூட்டவும் முடியாது. 2012 முதல் ஓர்சிட் என்ற பதினாறு இலக்க அடையாள எண் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் பெற்று எல்லாக் கட்டுரைகளையும் அதன்கீழ் இணைத்தால் பாதிச் சிக்கல் தீரும். ஆனால் விண்ணப்பப் படிவம் அதைக் கேட்பதில்லை. இது தமிழருக்கு மட்டும் உள்ள தொல்லை என்றும் நினைக்க வேண்டாம். பெயருக்கு முன்னால் நான்கைந்து முதலெழுத்துகளோடு வரும் சிங்கள நண்பர்களும் இதே தரவுத்தளங்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறார்கள். திருமணத்தின்பின் பெயர் மாற்றிய பெண்களின் நிலை எல்லோரையும்விட மோசம்.

அதோடு, எந்தத் தரவுத்தளம்? கூகுள் ஸ்கொலரில் அவருடைய சுட்டெண் ஸ்கோபஸில் உள்ளதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கூகுள், ஆய்வேடுகளையும் மாநாட்டு அறிக்கைகளையும் இணையத்தில் கிடக்கும் முன்பிரதிகளையும் சேர்த்து எண்ணும். ஸ்கோபஸ் தான் தெரிந்தெடுத்த இதழ்களை மட்டுமே எண்ணும். உள்நாட்டு ஆய்விதழ்கள் பல அந்தத் தெரிவுக்குள் வருவதில்லை. ஒரே மனிதருக்கு ஒரே நாளில் இரண்டு எண்கள் வருகின்றன. உங்கள் படிவத்திலோ ஒரு பெட்டிதான் இருக்கிறது. ஆளுக்கொரு தரவுத்தளத்திலிருந்து எடுத்த எண்களை ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிட்ட கட்டு ஒன்றையும் நான் கண்டிருக்கிறேன்.

சரி, பெயரைத் திருத்திவிட்டோம், தரவுத்தளத்தையும் முடிவு செய்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். எண்ணப்படுவது என்ன?

உலகில் மிக அதிகமாக மேற்கோள் பெற்ற விஞ்ஞானக் கட்டுரை 1951இல் வந்தது. ஒலிவர் லோரி என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையை அதில் எழுதினார்கள். மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்கள் அதற்கு உண்டு. லோரி தன் வாழ்நாளில் பெரும் பகுதியை மூளையின் வேதியியலுக்குக் கொடுத்தவர். தனியொரு நரம்புக் கலத்துக்குள் நொதியங்களை அளக்கும் அளவுக்கு நுட்பமாக வேலை செய்தவர். அந்த வேலை எதுவும் புரதம் அளக்கும் கட்டுரைக்குக் கிட்ட வரவில்லை. அது ஒரு பெரிய கட்டுரை அல்ல என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அது வசதியான கருவி, எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தினார்கள், அவ்வளவுதான்.

கருவிகள் மேற்கோள் பெறுவதில் தவறில்லை. ஆனால் கருவியை நம் நாட்டுக்குப் பொருந்தச் செய்தவருக்கு அது கிடைப்பதில்லை என்பதை இந்த விஞ்ஞானியின் பதிவு காட்டியது. மறதி நோயைக் கண்டறிய உலகம் முழுவதும் பயன்படும் ஒரு குறுகிய சோதனை 1975இல் அமெரிக்க ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டது. நரம்பியலிலும் உளமருத்துவத்திலும் மிக அதிகம் மேற்கோள் பெற்ற கட்டுரைகளில் அதுவும் ஒன்று. இது என்ன பருவகாலம் என்பது அதில் ஒரு கேள்வி. வெள்ளவத்தையில் எழுபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்த ஓர் அம்மாவிடம் இதைக் கேட்டால் அவர் எதைச் சொல்வார்? வசந்தமா, இலையுதிர்காலமா? தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து வடகீழ்ப் பருவமழை தொடங்காத ஒரு மாதத்தில் சரியான விடை எது? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லும் ஒரு பகுதி இருக்கிறது. ஒரு முழு வசனம் எழுதச் சொல்லும் பகுதி இருக்கிறது. பள்ளிக்கூடப் படியே மிதிக்காத, தோட்டத்தில் கொழுந்து பறித்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கிய ஒருவர் இவற்றில் புள்ளியிழந்தால், அவருக்கு மறதி நோய் என்று எழுதிவிடலாமா?

நம் விஞ்ஞானி செய்தது இந்த வேலைதான். எந்தக் கேள்வியை மாற்றுவது, மாற்றினால் புள்ளி எப்படி மாறும், படித்தவர்களிடமும் படிக்காதவர்களிடமும் நலமாக உள்ள முதியவர்கள் சராசரியாக எவ்வளவு பெறுகிறார்கள், எங்கே கோடு போடுவது என்று பல ஆண்டுகள் இருந்து பார்த்தார். அந்தத் தாள் இன்று பல கிளினிக்குகளில் போட்டோகொப்பியாகக் கிடக்கிறது. மருத்துவர்கள் அதை வைத்துத்தான் நோயாளிகளோடு பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் தங்கள் ஆராய்ச்சியை எழுதும்போது, மேற்கோள் பட்டியலில் போவது 1975ஆம் ஆண்டுக் கட்டுரை. இவர் உழைத்த ஒவ்வொரு முறையும் மேற்கோள் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. அவருடைய சொந்தக் கட்டுரை உள்நாட்டு இதழொன்றில் வந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய மேற்கோள்கள். அதைத்தான் போதாது என்றார்கள்.

இந்த நாட்டு நரம்பியலின் பொதுப் பதிவிலிருந்து இன்னும் கூர்மையான ஓர் உதாரணம் தருகிறேன். இதைச் சொல்லாமல் இந்த மடல் முழுமையாகாது.

1977, 1978ஆம் ஆண்டுகளில் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இளம் தமிழ்ப் பெண் பிள்ளைகளுக்குக் கைகால் நரம்புகள் செயலிழந்தன. இருபதுக்கும் மேற்பட்டவர்கள். ஏன் பெண் பிள்ளைகள் மட்டும், ஏன் அந்த வயதில்? நிமால் சேனாநாயக்காவும் ஜெயரத்தினமும் 1981இல் லான்செட்டில் வெளியிட்ட இரண்டு பக்கக் கட்டுரை இதற்கு விடை சொல்கிறது. பிள்ளை பெரியவளானதும் நல்லெண்ணெய் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். பிள்ளை பெற்ற தாய்க்கும் கொடுப்போம். அந்த நல்லெண்ணெயில் ட்ரைகிரெசில் பொஸ்பேற்று என்ற நச்சு கலந்திருந்தது. முன்பு கனிய எண்ணெய் வைத்திருந்த கொள்கலன்களில் ஏற்றிவந்தபோது கலந்திருக்கலாம் என்று கருதப்பட்டது. 1930இல் அமெரிக்காவில் இஞ்சிச் சாராயம் குடித்து ஆயிரக்கணக்கானோர் கால் விளங்காமல் போனதும் இதே பொருளால்தான்.

அந்த இரண்டு பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நரம்பியல் இருக்கிறது, நச்சியல் இருக்கிறது, ஒரு சமூகத்தின் வீட்டுக்குள் நடக்கும் வழக்கத்தைப் பற்றிய கவனம் இருக்கிறது. ஆண் பிள்ளைகளுக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வியைக் கேட்டு, விடை அடுப்படியில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கு எந்தச் சுட்டெண்ணும் உதவாது.

அதே சேனாநாயக்கா, லக்ஷ்மன் கரல்லியத்தவுடன் சேர்ந்து 1987இல் நியூ இங்கிலாந்து மருத்துவ ஆய்விதழில் இன்னொரு கட்டுரை எழுதினார். பூச்சிநாசினி குடித்தவர்கள் முதல் ஆபத்தைத் தாண்டிய பிறகு, 24 முதல் 96 மணித்தியாலங்களுக்குள் கழுத்துத் தசைகளும் சுவாசத் தசைகளும் திடீரெனத் தளர்ந்துபோகும் ஒரு நிலையை அது விவரித்தது. பத்து நோயாளிகள், அவ்வளவுதான். அது உலகப் பாடநூல்களுக்குள் போனது. இன்றும் வார்ட்டில் பூச்சிநாசினி நோயாளியிடம் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பார்க்கும் மருத்துவர் அந்தக் கட்டுரையின் வாரிசு.

மேற்கோள்களை எண்ணினால் இரண்டாவது கட்டுரை மலை, முதலாவது மடு. ஏன்? பூச்சிநாசினி ஆசியா முழுவதும் தொடர்ந்து ஆட்களைக் கொன்றது. எழுதுவோரும் தொடர்ந்து எழுதினார்கள். நல்லெண்ணெய்க் காரணம் கண்டுபிடிக்கப்பட்டதும் அந்தக் கதை முடிந்தது. தீர்ந்துபோன பிரச்சினையைப் பற்றி யார் எழுதுவார்கள், யார் மேற்கோள் காட்டுவார்கள்? உங்கள் அட்டவணையில் நல்லெண்ணெய்க் கட்டுரைக்கு என்ன இடம் கிடைக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். அது லான்செட் என்பதால் புள்ளி கொடுப்பீர்கள். சரி, அதே கட்டுரை இலங்கை மருத்துவ இதழில் வந்திருந்தால்?

மறுபக்கத்தையும் பார்த்துவிடுவோம். மினசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து 2006இல் நேச்சர் இதழில் அல்சைமர் நோய் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எலிகளின் நினைவாற்றலைக் கெடுக்கும் ஒரு குறிப்பிட்ட புரதத் திரளைக் கண்டதாக அது சொன்னது. ஏறத்தாழ 2,500 மேற்கோள்கள். படங்களில் மாற்றம் செய்யப்பட்டிருப்பதான சந்தேகங்கள் 2022இல் பகிரங்கமாகின. 2024இல் கட்டுரை மீளப்பெறப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் அது எத்தனை பேருடைய சுட்டெண்ணுக்கும் பதவி உயர்வுக்கும் மானியத்துக்கும் தோள்கொடுத்திருக்கும்! பிழையான தரவை மேற்கோள் காட்டாமல் காப்பதற்காகப் பிறந்த சுட்டி, அந்தப் பிழையை ஆண்டுதோறும் வரவில் எழுதிக்கொண்டிருந்தது.

பெயரிலேயே நரம்பியல் விஞ்ஞானத்தை வைத்துக்கொண்டு, கணிப்பியலோடு சேர்த்து, ஹிந்தாவி நிறுவனம் ஓர் ஆய்விதழ் நடத்தியது. தரவுத்தளங்களில் இடம் உண்டு, தாக்கக் காரணி உண்டு. காசுக்குக் கட்டுரை தயாரிக்கும் தொழிற்சாலைகள் அதற்குள் புகுந்துவிட்டன. 2023இல் அந்த நிறுவனம் தன் இதழ்களிலிருந்து 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளை மீளப்பெற்றது; அந்த இதழும் மூடப்பட்டது. விவகாரம் வெளியே வரும் வரை, எண்ணை மட்டும் பார்க்கும் ஒரு குழுவுக்கு அது நல்ல இதழ்தான்.

காசைப் பற்றியும் பேச வேண்டும். 2023 ஏப்ரலில் நியூரோஇமேஜ் இதழின் ஆசிரியர்கள், நாற்பது பேருக்கு மேல், ஒன்றாகப் பதவி விலகினார்கள். ஒரு கட்டுரையை வெளியிட எழுதியவரிடம் 3,450 டொலர் வாங்குவது அநியாயம் என்பது அவர்கள் வாதம். அன்றைய மாற்று விகிதத்தில் அது ஏறத்தாழ 11 இலட்சம் ரூபாய். பணக்கார நாட்டுப் பேராசிரியர்களே தாங்க முடியாது என்று எழுந்துபோன கட்டணம் அது. நம் விஞ்ஞானி தன் கட்டுரையை ஏன் அப்படிப்பட்ட இதழுக்கு அனுப்பவில்லை என்று நேர்முகத்தில் ஒருவர் கேட்டாராம். கேட்டவருக்கு இந்தக் கட்டணம் தெரியாமல் இருந்திருக்கும் என்றே நம்ப விரும்புகிறேன்.

அதே நேர்முகத்தில் 2022இல் ஏன் எதுவும் வெளிவரவில்லை என்றும் கேட்கப்பட்டது. 2022! மார்ச் மாதக் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்த ஆண்டு. மாதிரிகளை மறை 80 பாகையில் வைத்திருக்க வேண்டியவர்கள் ஜெனரேட்டருக்கு டீசல் தேடி வரிசையில் நின்ற ஆண்டு. டொலரின் விலை 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறி, இறக்குமதிச் சோதனைப் பொருள் ஒவ்வொன்றும் எட்டாக்கனியான ஆண்டு. கேட்டவரும் அதே கொழும்பில்தான் அந்த ஆண்டைக் கழித்தார்.

உங்கள் தரப்பில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். இது சின்ன நாடு. ஒவ்வொரு துறையிலும் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். யார் யாருடைய மாணவர், யார் எந்தப் பாடசாலை, யார் எந்த அமைச்சருக்கு வேண்டியவர் என்பதெல்லாம் அறையில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். இந்த நிலையில் எண்தான் நடுநிலை. எண்ணுக்கு இனமும் இல்லை, ஊரும் இல்லை என்பீர்கள். தமிழ் விரிவுரையாளர்கள் சிலரே என்னிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள்: "படித்துப் பார்த்து முடிவெடுக்க விட்டால் எங்களுக்கு என்ன நடக்கும் என்று தெரியாது, எண் இருந்தால் குறைந்தபட்சம் வாதாடலாம்." அவர்களுடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்த நாட்டில் வாழ்ந்த எவரும் அதைக் கற்பனை என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்த எண் எப்படித் தயாரிக்கப்பட்டது என்பதை அருகிலிருந்து பார்த்தவன் நான். பெயரின் அமைப்பை அது பார்த்தது. கட்டுரை எந்த மொழியில், எந்த நாட்டின் இதழில் வந்தது என்று பார்த்தது. வெளியீட்டுக் கட்டணம் கட்டக்கூடியவரா என்று பார்த்தது. நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் கையொப்பமிடும் சர்வதேசக் கூட்டாய்வுகளுக்குள் நுழையத் தொடர்பு உள்ளவரா என்று பார்த்தது. அப்படிப்பட்ட ஒரு கட்டுரையில் பெயர் இருந்தால் ஆயிரக்கணக்கில் மேற்கோள் வந்துவிடும். அதில் அவர் பங்கு ஒரு பிரதேசத்தின் தரவைச் சரிபார்த்ததாக இருக்கலாம். ஆண்டுதோறும் நம் பத்திரிகைகள் கொண்டாடும் உலகின் முன்னணி இரண்டு சதவீத விஞ்ஞானிகள் பட்டியலும் ஸ்கோபஸ் தரவிலிருந்து எழுவதுதான். பாரபட்சத்துக்கு அஞ்சி எண்ணிடம் ஓடினால், அங்கே வேறொரு பாரபட்சம் மேல்முறையீட்டுக்கு இடமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு மதிப்பீட்டாளர் கட்டுரையைப் படித்து எழுத்தில் காரணம் சொன்னால், அந்தக் காரணத்தோடாவது சண்டை பிடிக்கலாம்.

உலகம் இதைப் பேசத் தொடங்கி நெடுநாளாகிவிட்டது. 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனம், ஆட்சேர்ப்பிலும் பதவி உயர்விலும் தாக்கக் காரணியைப் பயன்படுத்தக் கூடாது என்றது. 2015இல் நேச்சரில் வந்த லைடன் அறிக்கை உள்ளூருக்குத் தேவையான ஆராய்ச்சியைப் பாதுகாக்கும்படி ஒரு தனிக் கொள்கையே வகுத்தது. சீனா 2020இல் மேற்கோள் சுட்டியில் இடம்பெறும் கட்டுரைகளுக்குப் பணப் பரிசு கொடுக்கும் பழக்கத்தை நிறுத்தச் சொன்னது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் 2021இல் தாக்கக் காரணியைக் கைவிடுவதாக அறிவித்தது. நாம் மட்டும் அவர்கள் கழற்றி எறிந்த சட்டையைத் தோய்த்துப் போட்டுக்கொள்ள வேண்டுமா?

சுற்றறிக்கை இப்படித்தான் இருக்கிறது, நாங்கள் என்ன செய்வது என்று உங்களில் சிலர் சொல்வதும் என் காதில் விழுகிறது. புள்ளித் திட்டத்தை மாற்றுவது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் பொறுப்பு என்பதை நான் மறுக்கவில்லை. அவர்களுக்கும் இந்த மடலின் பிரதி போகும். ஆனால் கட்டுரையைப் படிக்கக் கூடாது என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை.

நான் கேட்பது பெரிதொன்றும் இல்லை. விண்ணப்பதாரர் தன் வேலையில் ஐந்தைத் தானே தெரிந்தெடுக்கட்டும். கட்டுரையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. வார்ட்டில் பயன்படும் சோதனைத் தாளாக இருக்கலாம், மற்றவர்களுக்குத் திறந்துவிட்ட தரவாக இருக்கலாம், சிகிச்சை வழிகாட்டியாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம், தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ: என்ன கண்டேன், அதில் என் கை எது, அதை யார் எடுத்துப் பயன்படுத்தினார்கள். குழுவில் குறைந்தது இரண்டு பேர் அவற்றில் இரண்டையாவது முழுதாகப் படித்து, படித்தேன் என்று கையொப்பமிட்டு, ஒரு பந்தி எழுதட்டும். வெளி மதிப்பீட்டாளருக்கு வெறும் விண்ணப்பக் கட்டை அனுப்பாமல் கேள்விகளை அனுப்புங்கள்: இந்த வேலை இந்தத் துறையில் எதை மாற்றியது, இந்த வசதிகளோடு இதைச் செய்வது எவ்வளவு கடினம்? எண் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எந்தத் தரவுத்தளம், எந்தத் திகதி என்று பக்கத்தில் எழுதுங்கள். விண்ணப்பதாரரும் நூலகரும் சேர்ந்து உட்கார்ந்து பெயர்க் கணக்கைச் சரிபார்த்த பிறகே அந்த எண் உங்கள் மேசைக்கு வர வேண்டும். 2020 முதல் 2023 வரையான இடைவெளிகளுக்கு யாரிடமும் விளக்கம் கேட்காதீர்கள்.

நேரம் இல்லை என்பீர்கள். ஒரு பேராசிரியர் நியமனம் பல சந்தர்ப்பங்களில் இருபது ஆண்டு நியமனம். அத்தனை ஆண்டுகள் மாணவர்களை ஒப்படைக்கப் போகும் ஒருவருடைய இரண்டு கட்டுரைகளைப் படிக்க ஒரு போயா விடுமுறை போதும்.

அந்த விஞ்ஞானி மீண்டும் விண்ணப்பிக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். மூன்று பெயர்களும் ஒரே கணக்குக்கு வந்துவிட்டன. கொங்கிரீட் பொறியியலாளர் தன் கட்டுரைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சோதனைத் தாளின் தமிழ், சிங்களப் பிரதிகளையும், அதைப் பயன்படுத்தும் கிளினிக்குகளின் கடிதங்களையும் இம்முறை பின்னிணைப்பாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். கட்டு சற்றுத் தடிப்பாக இருக்கும். மேற்கோள் தாளை நான் கடைசியில்தான் வைப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவ நூலகர் ஒருவர்
கொழும்பு 6